தலைப்பா நின்ற கொத்தளம்

பழவேற்காட்டில் கோட்டை ஒன்றுதான். ஆனால் ஆதிகேசவனுக்கு இரண்டு இருந்தன.

ஒன்று, ஏரியிலிருந்து பார்க்கிற கோட்டை. விடியற்காலையில் அது தண்ணீரின் மேலேயே மிதக்கும். இடிந்த இடங்களையெல்லாம் பனி வந்து அடைத்துவிடும். சுவர் முழுசாகத் தெரியும். உச்சியில் கறுப்பாக, உருண்டையாகத் தலைப்பா ஒன்று கட்டியிருக்கும். பதினாறு வயதில் நைனாவோடு படகேறிய நாளிலிருந்து நாற்பத்தைந்து வயதுவரை அவர் பார்த்தது இந்தக் கோட்டையைத்தான். இன்னொன்று தரைக் கோட்டை. அது செங்கல் சரிவும் சீமைக்கருவேல முள்ளும், பாம்பும், காலையில் சொம்போடு ஒதுங்குகிறவர்களுமாக இருந்த இடம். அவருடைய மேட்டுக்குப்பம் ஏரிக்கு அந்தப் பக்கம், லைட்ஹவுஸ் குப்பத்தைத் தாண்டி இருந்தது. பாலம் ஏறி இந்தப் பக்கம் வந்து முள்ளுக்குள் நுழைய வேண்டும் என்று அவருக்கு என்ன தலையெழுத்து?

தலையெழுத்து ஒரு ஃபைபர் படகின் உருவத்தில் வந்தது. கரைக்கு இழுக்கும்போது கயிறு நழுவி, படகு புரண்டு, அவருடைய வலது தோளின் மேல் உட்கார்ந்தது. எலும்பு ஒருவழியாகக் கூடிவிட்டது. கை மட்டும் தோளுக்கு மேலே எழ மாட்டேன் என்று சொல்லிவிட்டது. கோல் ஊன்ற முடியாதவனுக்கு ஏரியில் என்ன வேலை? மூன்று வருஷம் வீட்டு வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் சண்டை பிடித்தார். பெண்டாட்டி வேலம்மா கருவாடு காயப்போடுகிற அழகைக்கூடக் குறை சொன்னார். "தண்ணிக்கும் போவல, தரையிலயும் ஒழுங்கா இருக்கல. இந்த ஆளோட பேஜாரா கீது," என்று அவள் தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள்.

அப்போதுதான் கோட்டையைச் சுத்தம் செய்து காட்சியகம் ஆக்கப் போகிறார்கள், முள் வெட்ட ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தது. இடது கையால் அரிவாள் பிடிக்கலாமே என்று வேலம்மா அவரை ஏறக்குறையத் தள்ளிக்கொண்டு போய் விட்டாள். முள் வெட்டப் போனவர் அங்கேயே காவல்காரர் ஆனார். அப்புறம் சாவி அவர் இடுப்புக்கு வந்தது. அப்புறம், யாரும் சொல்லாமலே, வருகிறவர்களுக்குக் கதை சொல்கிற வேலையும் அவருடையதாகிவிட்டது.

மிச்சம் இருந்தது அதிகமில்லை. நான்கு மூலையிலும் கொத்தளம் வைத்துக் கட்டிய கோட்டையில் ஒரே ஒரு கொத்தளம், அதன் வயிற்றுக்குள் வளைவுக் கூரை போட்ட ஓர் அறை, மூன்று பக்கம் தூர்ந்துபோன அகழி. அவ்வளவுதான். ஆனால் ஆதிகேசவன் சொல்லும்போது கோட்டை முழுசாக எழுந்து நிற்கும்.

"தோ, இந்தச் செவுரு பாருங்க, அடியில எட்டடி கனம். டச்சுக்காரன் கட்டினது. அகழிக்குத் தண்ணி எங்கேர்ந்துன்ற? நம்ம ஏரிதான். மதகு வச்சி உள்ள வாங்கிக்குவான். தோ இந்த ரூம்ல வெடிமருந்து வச்சிருந்தான். அதுக்குத்தான் ஜன்னலே கிடையாது, காத்து மட்டும் உள்ள வர்றாப்புல வளைஞ்ச துவாரம். நெருப்புப் பொறி நேரா பறக்கும், வளைஞ்சி வராது பாரு. அப்பால வெள்ளக்காரன் வந்தான், கோட்டைய உடைச்சான். உடைச்சதுல மிச்சத்த நம்ம ஜனங்க எடுத்துக்கினாங்க. பழவேற்காட்டுல எந்தக் கிணத்துல எட்டிப் பாத்தாலும் கோட்டைச் செங்கல்லுதான்."

அந்த அறை அதற்கப்புறம் உப்பு மூட்டை வைத்த கிடங்காக இருந்தது, புயலுக்கு ஒதுங்குகிற இடமாக இருந்தது, கொஞ்ச காலம் ஆடுகளுக்குச் சொந்தமாக இருந்தது. அதையும் விடாமல் சொல்வார். ஆட்டைச் சொல்லும்போது பள்ளிப் பிள்ளைகள் சிரிக்கும். சிரிப்பு வளைவுக் கூரையில் பட்டுக் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வரும். அந்தத் தாமதம் ஆதிகேசவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

மூன்று மணிக்குமேல் யாரும் வரமாட்டார்கள். அறைக்குள் செங்கல் தரையில் சுவரோரம் உட்கார்ந்துகொள்வார். வெளியே அனலடித்தாலும் உள்ளே கழுத்துப் பக்கம் ஒரு குளிர்ச்சி ஓடிக்கொண்டே இருக்கும். சுவரில் உப்புப் பூத்துப் பூத்து உதிரும். மழைக்கு முந்தின நாளில் செங்கல் வேர்க்கும். அந்த அறை மூச்சு விடுகிறது என்று அவர் நிச்சயமாக நம்பினார். ஏரி பெருகும்போது உள்ளே இழுத்து, வற்றும்போது வெளியே விடுகிறது. கண் மூடினால் அறையே மெதுவாகக் கரையை விட்டு நகர்வது போல இருக்கும். படகில் படுத்தால் வருமே, அதே தூக்கம். ஆறு வருஷமாக அவர் யாரோடும் சண்டை போடவில்லை. வேலம்மாவுக்கே அது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

பெனிட்டா சென்னையிலிருந்து மாதம் இரண்டு முறை வருவாள். பழைய கட்டடங்களைச் சரிசெய்கிற பொறியாளர், முப்பது வயது இருக்கும். சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்பாள். ஆதிகேசவனை "அண்ணா" என்பாள். அவர் எத்தனை முறை சொல்லியும் அவள் அழைத்துப் போகிற டீக்கடையில் அவரைக் காசு கொடுக்க விட்டதில்லை. சித்திரையில் ஒருநாள் அவரைக் கொத்தளத்தின் மேலே கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இச்சி மரம் ஒன்று நின்றது. ஆலமரத்தின் சொந்தக்காரன். ஏதோ பறவையின் எச்சத்தில் முளைத்து, சுவருக்குள் வேரை விட்டு, குடை விரித்த மாதிரி வளர்ந்திருந்தது.

"வேர் கீழ அறை வரைக்கும் வந்துட்டுதுண்ணா. இன்னும் ரெண்டு மழை தாங்காது, கூரை பிளந்துடும். எடுக்கறதுக்கு அனுமதி வாங்கிட்டேன். ஆனா ஊர்ல கேக்காம வெட்ட மாட்டேன். இந்த மரம் யாருக்காவது வேணுமா?"

கேட்டாள். அதை மறைக்க முடியாது. முறையாகக் கேட்டாள், இரண்டு தடவை கேட்டாள்.

ஆதிகேசவன் மரத்தைச் சுற்றி வந்தார். மஞ்சள் துணி கட்டியிருக்கவில்லை. தொட்டில் தொங்கவில்லை. அடியில் கல் நட்டு யாரும் விளக்கு வைத்ததற்கு அடையாளம் இல்லை. நிழலுக்கு உட்காரக்கூட ஒருவரும் இவ்வளவு உயரம் ஏற மாட்டார்கள். ஊர் முழுவதின் சார்பாகவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னார்.

"யாருக்கும் வேணாம்மா. காக்காவுக்குத்தான் நஷ்டம்."

மூன்று நாள் வேலை. கிளையைக் கழித்து, அடிமரத்தை அறுத்து, வேருக்கு ஊசிபோட்டு மருந்து இறக்கினார்கள். இடது கையால் ஒரு ரம்பத்தின் முனையை அவரும் பிடித்தார். மரம் போனபின் கொத்தளம் வழித்துவிட்ட தலைபோலப் பளிச்சென்று இருந்தது. மேலே நின்றால் ஏரி முழுக்கத் தெரியும், அதற்கு அப்பால் கடலும் ஒரு கோடாகத் தெரியும். வந்தவர்களெல்லாம் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆதிகேசவனுக்கு ஒரே பெருமை.

இனி ஏரியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இறால் ஓடுகிற தண்ணீரில் யார் எந்த நாள் வலை கட்டலாம் என்பதை ஊர்கூடிச் சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு பிரிப்பதில் அடிதடி இல்லாமல் இருப்பதற்குக் காரணம் எல்லைதான். தண்ணீரில் வேலி போட முடியாது. ஆகவே கரையில் இருக்கிற இரண்டு பொருளை ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள்; அதற்குக் குறி என்று பெயர். மேட்டுக்குப்பத்துக்கும் கரைக்குப்பத்துக்கும் நடுவே இருந்த கோடு ரொம்பச் சுலபம். கோட்டைக்குப் பின்னால் மாதா கோயில் சிலுவை. அந்தச் சிலுவை தலைப்பாவுக்குள் மறைந்திருக்கும்வரை மேட்டுக்குப்பத்துத் தண்ணீர். தலைப்பாவை விட்டுச் சிலுவை வெளியே வந்துவிட்டால் கரைக்குப்பத்துத் தண்ணீர். சுக்கான் பிடிக்கத் தெரியாதவனுக்கும் இது தெரியும். போனில் இடம் காட்டுமே என்று இளசுகள் ஒருமுறை கேட்டார்கள். கரைக்குப்பத்துத் தலைவர் முத்துராஜ், "உன் போனு உன் பக்கம்தானடா பேசும்," என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இரண்டு பேரும் கண்ணால் பார்க்கிற பொருள்தான் செல்லும்.

தலைப்பா என்பது மரமா, கல்லா, கட்டடமா என்று யாரும் கேட்டதில்லை. அது தலைப்பா, அவ்வளவுதான். ஆதிகேசவன் இருபத்தொன்பது வருஷம் அதைப் பார்த்தே வலை கட்டினவர். ஆனால் அது தண்ணீர்க் கோட்டையில் இருந்தது. அவர் ரம்பம் போட்டது தரைக் கோட்டையில்.

சித்திரையிலிருந்து முகத்துவாரம் மண்மூடி, அந்தத் தண்ணீர்ப் பக்கம் யாரும் போகவில்லை. ஐப்பசி மழையில் முகத்துவாரம் திறந்துகொண்டது. இறால் வந்தது. கார்த்திகையில் முதல் சீட்டு ஆதிகேசவனின் தம்பி தங்கவேலுக்கு விழுந்தது. மறுநாள் காலை பதினோரு மணிக்குத் தங்கவேல் காட்சியகத்துக்குள் வந்தான். கால்சட்டை முழங்காலுக்குமேல் நனைந்திருந்தது. செருப்பில்லை.

"இன்னாண்ணே பண்ணீங்க கோட்டைய?"

"இன்னாடா பண்ணோம்? கழுவித் தொடச்சி வச்சிருக்கோம்."

"தலைப்பா எங்க?"

"எங்க போவும்? அங்கதான் இருக்கும்."

"இல்லண்ணே. பொழுது விடிஞ்சதுலேர்ந்து தேடினேன். சிலுவ மட்டும் ஒண்டியா நிக்குது. சரின்னு குத்துமதிப்பா வலைக்கு முளை ஊனினேன். கரைக்குப்பத்தான் வந்து அத்தனையும் புடுங்கிப் போட்டுட்டான். குறிய அழிச்சது உங்க ஆளுதான், கோட்டைச் சாவி உங்க ஆளு இடுப்புலதான கீதுன்றான். நாளைக்குப் பஞ்சாயத்து. தலைப்பாவ நீங்க எடுத்தீங்களா இல்லியா, ஒரு வார்த்த சொல்லு."

குறியை எந்தக் குப்பம் கெடுத்ததோ அந்தக் குப்பத்துக்கு அந்தப் பருவம் முழுக்கப் பாடு கிடையாது. அது பழைய கட்டுப்பாடு. மேட்டுக்குப்பத்தில் பதினெட்டு வீடு அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்தன. ஆதிகேசவனுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆறு வருஷம் கழித்து வந்த கோபம்.

"ஒரு செங்கல்லு கூட இங்கேர்ந்து வெளிய போவல. கங்கம்மா சத்தியம்டா. போய்ச் சொல்லு."

அண்ணன் குப்பத்துத் தெய்வம் கங்கம்மாவையே சாட்சிக்குக் கூப்பிட்டபின் தங்கவேலுக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நிம்மதியாகப் போய்விட்டான்.

மத்தியானம் ஆதிகேசவன் அறையைத் துடைத்தார். நடுவில் மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் கோட்டையின் மாதிரி இருந்தது. பெனிட்டா செய்வித்தது. உடையாத காலத்துக் கோட்டை, வெள்ளைச் சுண்ணத்தில், நான்கு கொத்தளத்தோடு. சுற்றிலும் நீலக் கண்ணாடியில் ஏரி. இன்றைய அடையாளம் தெரிவதற்காக அட்டையில் பாலமும் மாதா கோயிலும். நாலு வருஷமாக அவர் அதை மேலே இருந்துதான் பார்த்திருக்கிறார், பிள்ளைகளுக்குக் குச்சியால் காட்டுவதற்காக. அன்றைக்கு மேசைக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. குந்தி உட்கார்ந்து துடைத்துவிட்டு நிமிர்ந்தார். கண் சரியாக நீலக் கண்ணாடியின் மட்டத்தில் நின்றது. படகில் உட்கார்ந்தால் தண்ணீர் இருக்கிற உயரம்.

கோட்டை மிதந்தது.

அது அவருடைய கோட்டை, தண்ணீர்க் கோட்டை, கண்ணாடிக்குள் சின்னதாக, முழுசாக. இந்த மூலையில் கொத்தளம். அதற்குப் பின்னால் அட்டைச் சிலுவை. நடுவில் ஒன்றுமில்லை. எது இருக்க வேண்டுமோ அந்த இடத்தை ஆதிகேசவன் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே என்ன இருந்தது என்று விரல் விட்டு எண்ணிப் பார்ப்பதுபோல, கொத்தளத்துப் படிகளை மனசுக்குள் ஏறினார். ஏறி முடித்ததும் அங்கே இச்சி மரம் நின்றது, குடை விரித்து, கறுப்பாக, உருண்டையாக.

"ஐயோ," என்றார். கூரை அதை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தாமதித்துத் திருப்பிக் கொடுத்தது. அந்தத் தாமதம் அவருக்கு முதல்முறையாகப் பிடிக்கவில்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்று சொல்வார்கள். இங்கே ஆண்டி அதோடு நிற்காமல் கங்கம்மாவையும் சாட்சிக்கு இழுத்திருந்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போய் வேலம்மாவிடம் சொன்னார். அவள் அடுப்பிலிருந்து குழம்பை இறக்கி வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"நீதான் வெட்னன்னு யாருக்குத் தெரியும்?"

"பெனிட்டா மேடத்துக்குத் தெரியும்."

"அது மெட்ராஸ்ல கீது. நம்ம குப்பத்துல யாருக்குத் தெரியும்? நீ வாயத் திறந்தா பதினெட்டு வீட்டு அடுப்பு அணையும். உன் தம்பி வீடு மொதல்ல அணையும்."

"சத்தியம் பண்ட்டனே, வேலம்மா."

அவள் ரொம்ப நேரம் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "தெரியாம பண்ணதுக்குக் கங்கம்மா கோச்சிக்க மாட்டா. தெரிஞ்சப்புறமும் மூடிக்கினு இருந்தாத்தான் கோச்சிக்குவா. இன்னாவோ பண்ணு. சோத்தத் துன்னுட்டுப் பண்ணு."

மறுநாள் கங்கம்மா கோயிலுக்கு முன்னால் இரண்டு குப்பமும் உட்கார்ந்தன. தங்கவேல் எழுந்து, கோட்டையிலிருந்து ஒரு செங்கல் போகவில்லை, என் அண்ணன் சத்தியம் செய்திருக்கிறார் என்று தலைநிமிர்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான் ஆதிகேசவன் போய்ச் சேர்ந்தார். தம்பி பேசி முடிக்கும்வரை காத்திருக்க அவருக்குத் தைரியம் இல்லை. காத்திருந்தால் திரும்பிப் போய்விடுவார்.

"நான்தான் வெட்டினேன்," என்றார். "தலைப்பான்னு தெரியாது. மரம்னு வெட்டினேன்."

முதலில் யாரோ சிரித்தார்கள். இருபத்தொன்பது வருஷம் ஏரியில் கிடந்தவனுக்குத் தலைப்பா தெரியாதாம்! அப்புறம் சிரிப்பு நின்று கூச்சல் எழுந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வேண்டுமென்றே வெட்டினான் என்றார்கள், காசு வாங்கினான் என்றார்கள். தங்கவேல் நின்ற இடத்திலேயே நின்று அண்ணனைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

முத்துராஜ் கையைத் தூக்கினார். அறுபது வயதுக்காரர், குரல் எழும்பாமல் பேசுகிறவர்.

"தானா வந்து ஒத்துக்கினவன ஒரேயடியா அடிக்கக்கூடாது. குறி இல்லாத தண்ணி இப்ப யாருக்கும் கிடையாது, எங்களுக்கும் கிடையாது. அமாவாசைக்கு அடுத்த சீட்டு. அதுக்குள்ள குறி பழையபடி நின்னா தப்பு மன்னிப்பு. நிக்கலன்னா மேட்டுக்குப்பத்துக்கு இந்தப் பருவம் பாடு இல்ல."

அமாவாசைக்கு எட்டு நாள் இருந்தது. எட்டு நாளில் மரம் வளர்க்க முடியாது. ஆதிகேசவன் பெனிட்டாவுக்குப் போன் போட்டு, கொத்தளத்தின் மேல் ஒரு கம்பம் நட்டுத் தரச் சொன்னார். அவள் கதை முழுவதையும் கேட்டாள்.

"நான் உங்கள மட்டும் கேட்டேன். தண்ணியில இருக்கறவங்களையும் கேட்டிருக்கணும். என் தப்புண்ணா," என்றாள். "ஆனா கம்பம் நட முடியாது. பழைய சுவர்ல ஒரு துளை போடணும்னாலும் மேலிடத்து அனுமதி வேணும். இன்னைக்கே எழுதறேன், ஆனா பொங்கல் தாண்டிடும்."

"நட வேணாம். ஒரு ஆளு மேல நின்னா?"

"நிக்கிறதுக்கு யாரைக் கேக்கணும்? தாராளமா நில்லுங்க."

மறுநாளே நீலத் தார்ப்பாய் ஒன்றை இரண்டு மூங்கிலில் கட்டி, வேலம்மாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு மேலே ஏறினார். அவருடைய இடது கையில் ஒரு மூங்கில், அவள் கையில் ஒன்று. விரித்ததுதான் தாமதம், வாடைக்காற்று தார்ப்பாயை நிரப்பி அவரைக் கொத்தளத்தின் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போனது. வேலம்மா போட்ட கூச்சலில் கீழே டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் வெளியே ஓடி வந்தார்கள்.

"காத்துக்கு எதிரா பாய் புடிச்சா அது உன்ன மெட்ராஸுக்கு இட்டுனு போயிடும்," என்றாள் மூச்சு வாங்க. "பாயி வேணாம். வலையப் புடி."

சரிதானே! வலைக்குள் காற்று போகும், வரும். வீட்டுப் பரணில் கிடந்த பழைய இறால் வலையை எட்டு மடிப்பாக மடித்தார்கள். தூரத்திலிருந்து அது இலைக் கூட்டம்போலவே கறுத்துத் தெரிந்தது. ஆறாம் நாள் சாயங்காலம் முத்துராஜ் ஒரு படகில் ஏரிக்குள் போனார். மேட்டுக்குப்பத்து ஆளாகத் தங்கவேல் அதே படகில் உட்கார்ந்திருந்தான். முத்துராஜ் வேலம்மாவுக்குப் போன் போட்டு, "இன்னும் விரி... விரி... அவ்ளோ போதும். கொஞ்சம் எறக்கு... தோ," என்று சொல்லச் சொல்ல இருவரும் கல்லின்மேல் சுண்ணாம்பால் காலடி வரைந்துகொண்டார்கள். கடைசியில் அவர், "தலைப்பா வந்துட்ச்சி," என்றார். பக்கத்தில் தங்கவேலின் குரல் கேட்கிறதா என்று ஆதிகேசவன் வேலம்மாவின் போனை வாங்கிக் காதோடு அழுத்திப் பார்த்தார். என்ஜின் சத்தம்தான் கேட்டது.

அமாவாசைச் சீட்டு மேட்டுக்குப்பத்துக்கு விழுந்தது. முளை ஊன்றுவது விடியும்போது. இருள் பிரிவதற்குள் இருவரும் கொத்தளத்தின்மேல் காலடிகளில் நின்றுவிட்டார்கள். வெளிச்சம் வந்தது, ஆனால் வெளிச்சத்தோடு பனியும் வந்தது. ஏரி இல்லை, ஊர் இல்லை, அகழி இல்லை. கால்களுக்குக் கீழே கோட்டைகூட இல்லை. வலையின் அந்த முனையில் வேலம்மா வெறும் நிழலாக இருந்தாள்.

"நம்மளப் பாக்கறாங்களா?" என்றாள் நிழல்.

"பாக்க முடியாது."

"அப்ப இறக்கலாமா?"

"வேணாம். எப்ப விலகும்னு தெரியாது."

பனிக்குள்ளே எங்கேயோ கோல் ஊன்றுகிற சத்தம் கேட்டது. படகுகள் காத்திருக்கின்றன. தண்ணீர் இறங்குவதற்குள் வலை கட்ட வேண்டும். இடது கை மரத்துப்போயிற்று. மூங்கிலை வலது கைக்கு மாற்றினார். அது தோள்வரைதான் வந்தது, வலை சரிந்தது. மறுபடி இடது கைக்கு மாற்றினார். ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று. அதற்கப்புறம் வலி எங்கேயோ கீழே இறங்கிப் போய்விட்டது. பாதத்தின் வழியாகச் சுவரின் குளிர் ஏறியது. கீழே அந்த அறை மூச்சு விடுவது அவருக்குக் காலில் தெரிந்தது. கொத்தளம் மெல்லக் கரையை விட்டுப் புறப்பட்டது. பனியில் அது போய்க்கொண்டே இருந்தது, அவரும் அதன்மேல் வேர்விட்டுப் போய்க்கொண்டே இருந்தார். ஒரு காக்கை வந்து மூங்கில் முனையில் உட்கார்ந்தது. ஆதிகேசவன் அசையவில்லை. அந்த நேரத்தில் அவரை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

"விலகுதுய்யா!" என்று வேலம்மா கத்தினாள். காக்கை பறந்தது.

பனி அடியிலிருந்து கிழிந்தது. முதலில் தண்ணீர், பிறகு படகு, சின்னதாக ஒரு குச்சியும் அதன்மேல் நாலைந்து புள்ளியும். புள்ளிகள் அசையாமல் நின்றன. இந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. படகு கொஞ்சம் வடக்கே நகர்ந்தது, நின்றது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. முதல் முளை இறங்கியது. கரைக்குப்பத்துப் படகு ஒன்று பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் போய்விட்டது. கடைசி முளை ஊன்றும்வரை இருவரும் வலையை இறக்கவில்லை. இறக்கியபின் ஆதிகேசவனுக்குக் கையை மடக்க முடியவில்லை. வேலம்மாதான் விரல் விரலாக மூங்கிலிலிருந்து பிரித்தாள்.

மத்தியானம் தங்கவேல் காட்சியகத்துக்கு வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் ஒரு பையை வைத்தான். பை அசைந்தது, உயிர் இறால்.

"இன்னாடா இது?" என்றார் ஆதிகேசவன். பத்து நாளுக்கப்புறம் தம்பியிடம் பேசுகிறார்.

தங்கவேல் அகழியைப் பார்த்துக்கொண்டு பேசினான். "பங்கு."

"நான் எங்கடா படகேறினேன், எனக்குப் பங்கு?"

"உனக்குன்னு யாரு சொன்னா? படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, தலைப்பாவுக்கு ஒரு பங்கு. ஊரு முடிவு பண்ணிட்ச்சி."

ஆதிகேசவன் பையை எடுக்கக் குனிந்தார். குனிந்தவருக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க அவர் ஒன்றும் செய்யவில்லை. தங்கவேல் கால் மாற்றி நின்றான், போகத் திரும்பினான். அப்புறம் முதல்முறையாக அண்ணனின் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணிய நாளைக்கு ரெண்டடி தள்ளி நிக்கச் சொல்லுண்ணே. சிலுவ ஓரமா எட்டிப் பாக்குது."